அண்ணி கழுவாமல் விட்ட குடல்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். வாசல் காவலாளிக்கு அண்ணி, எலிக்கூண்டு சுத்தம் செய்கிறவருக்கு அண்ணி, தலை முழுக்க நரைத்துப்போன புரொபசருக்கும் அண்ணி. அவள் பால்குடி மறக்காத காலத்திலேயே பட்டம் வாங்கியவர் அவர். ஆனாலும் கதவோரம் வந்து நின்று, ஸ்லைடு ஆயிடுச்சா அண்ணி என்றுதான் கேட்பார். எல்லாம் அவளுடைய நாத்தனார் செய்த வேலை. வீட்டில் கூப்பிட்டுப் பழகிய வாய், வேலை செய்கிற இடத்திலும் அப்படியே கூப்பிட்டுவிட்டது. மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் அண்ணியாக இருப்பதென்றால் சும்மாவா? யாருக்கு யாரோடு சண்டை, யாருக்குக் காய்ச்சல், யார் மதியம் சாப்பிடவில்லை என்று எல்லாப் பஞ்சாயத்தும் அவளிடம்தான் வந்து முடியும்.

ஆள் நல்ல வாட்டசாட்டம். உட்கார்ந்தால் நாற்காலி முனகும். ஆனால் அந்தக் கையிலிருந்து வருவதெல்லாம் மெல்லிசிலும் மெல்லிசு. சதை சீவுவது அவள் வேலை. மெழுகில் பதித்த சதைத் துண்டை எந்திரத்துக் கத்தியில் கொடுத்து, ஊதினால் பறக்கிற ஏடாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு சுருக்கம்கூட விழாமல் கண்ணாடித் தகட்டில் ஏந்துவாள். பிறகு சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்புவாள். அந்தத் தகடுதான் ஸ்லைடு. ஏடு மிதக்கிற நேரத்தில் பக்கத்தில் யாராவது தும்மினால் காலையிலிருந்து செய்த வேலை காற்றோடு போகும். அதனால் அவள் அறைக்குள் யாருக்கும் அனுமதி கிடையாது. புரொபசர் கதவோரம் நிற்பதற்கும் அதுதான் காரணம், மரியாதை ஒன்றுமில்லை.

இங்கே வருவதற்கு முன் அதே வளாகத்து ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்த்தாள். ஆபரேஷன் முடிந்ததும் வெட்டியெடுத்த குடல் அழுக்கும் நாற்றமுமாக வாளியில் வந்து இறங்கும். அதைப் பிளந்து, அலசி, மறுபடி அலசி, அப்புறம்தான் மருந்தில் போடவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை சரியாக அலசாமல் விட்டதில், ஒருவர் குடலிலிருந்த துணுக்கு மிதந்துபோய் இன்னொருவர் ஸ்லைடில் ஒட்டிக்கொண்டது. நல்லவேளையாக டாக்டர் பார்த்துவிட்டார். இல்லாவிட்டால் நோயே இல்லாத மனிதருக்கு நோய் என்று எழுதியிருப்பார்கள். யாரும் பெரிதாகத் திட்டவில்லை. அவளே தன்னைப் போதும் போதும் என்கிற அளவுக்குத் திட்டிக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்த கழுவல்தான், அப்புறம் விடவே இல்லை.

வீட்டிலும் அதே கதைதான். பால் பாக்கெட்டைக் கழுவுவாள், சோப்பைக் கழுவுவாள், கதவுப் பிடியைக் கழுவுவாள். புருஷன் அந்த வளாகத்திலேயே தண்ணீர்ப் பம்பு மெக்கானிக். உள்ளங்கை ரேகையில் கிரீஸ் ஊறிப்போன மனிதன். கடவுள் ஜோடி சேர்க்கும்போது நன்றாகச் சிரித்திருப்பார். வாசல் குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் அந்த மனிதன் தன் சொந்த வீட்டுக்குள் நுழைய முடியும். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. கையைக் காட்டுகிற சாக்கில் அவள் கையைப் பிடித்துப் பார்க்கலாமே என்று தங்கையிடம் சொல்லிச் சிரிப்பானாம்.

அந்தத் தங்கைதான் சின்னவள். அண்ணி கல்யாணமாகி வந்தபோது தாயில்லாத அந்தப் பிள்ளை பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, புதுசாக வந்தவளை ஏற இறங்கப் பார்த்தது. அன்று ராத்திரியே அண்ணி அதைப் பிடித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். அழுது ஊரைக் கூட்டியதாம். தனக்கென்று ஒன்று பிறக்கவில்லையே என்ற குறை அண்ணிக்கு உண்டு. ஆனால் உட்கார்ந்து அதை நினைப்பதற்குச் சின்னவள் ஒருநாளும் நேரம் கொடுத்ததில்லை. ஒரு செருப்பு கூடத்தில், ஒரு செருப்பு கட்டிலுக்கடியில். குடித்த தேநீர்க் கோப்பை புத்தகத்தின் மேல். அவள் பின்னாலேயே ஓடி ஓடித்தான் அண்ணிக்கு முழங்கால் வலியே வந்தது.

படிப்பில் மட்டும் சின்னவளை அசைக்க முடியாது. வளர்ந்து, ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, குடலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தாள். நல்ல கையாக ஒரு சீவுகிற ஆள் வேண்டும் என்று புரொபசர் தேடியபோது, எங்கள் அண்ணியைவிட மெல்லிசாகச் சீவ இந்த உலகத்தில் ஆள் கிடையாது என்று அடித்துச் சொன்னவள் அவள்தான். அண்ணிக்கு ஆஸ்பத்திரியை விட்டு வர மனமில்லை. ஆனால் சின்னவள் கேட்டு அவள் எதற்கு இல்லை என்று சொல்லியிருக்கிறாள்?

சாப்பிடும்போது சின்னவள் தன் ஆராய்ச்சியைச் சொல்ல ஆரம்பித்தால் தட்டு காய்ந்துபோகும். நம் குடலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை நல்லதுகள்தான், நம்மால் ஆகாத செரிமான வேலையில் பாதியை அவைதான் பார்க்கின்றன என்பாள். அந்தக் கூட்டத்துக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் குடலின் உள்சுவரோ ஒரே ஒரு செல் கனம். இத்தனை மெல்லிய சுவர் எப்படித் தாங்குகிறது? அந்தச் சுவரே ஒரு மருந்தைச் சுரக்கிறது. யாரும் ஊசி போட்டுச் சொல்லிக் கொடுத்த எதிர்ப்பு சக்தி இல்லை, பிறக்கும்போதே கூட வந்தது. ரொம்ப நெருங்கி வருகிற கிருமியை மட்டும் அது கொல்லும். தள்ளி நிற்கிறதை ஒன்றும் செய்யாது. இதில் வேடிக்கை என்னவென்றால், கிருமிகளின் வாடை பட்டால்தான் சுவர் அந்த மருந்தைச் சரியாகச் சுரக்கும். கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிக்குக் குடல்சுவர் சோம்பேறியாகிவிடும்.

அண்ணிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கிருமியோடு மல்லுக்கு நின்றவளிடம் போய், கிருமிதான் காவலுக்கு ஆளை எழுப்பிவிடுகிறது என்றால்? கிருமியோடு என்ன சமரசம் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டாள். அப்படியானால் தன் கையில் இருக்கும் கிரீஸும் ஒருவகையில் நல்லதுதான் என்று புருஷன் மெதுவாக ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் மீதியைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

சின்னவள் நிரூபிக்க நினைத்தது இதுதான். அந்த மருந்தைச் சுரக்கிற சாதாரண எலியின் குடலில், கிருமிக் கூட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்க வேண்டும். மருந்தைச் சுரக்கத் தெரியாத ஒரு வகை எலியும் லேபில் இருந்தது. வெறுங்கை எலி என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள். அந்த எலியின் குடலில் இடைவெளி இருக்கக்கூடாது, கிருமிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓர் எலியில் இடைவெளி, இன்னோர் எலியில் இல்லை. அதைப் படம்பிடித்துக் காட்டிவிட்டால் டாக்டர் பட்டம் கையில்.

ஆனால் தலைகீழாக நின்றாலும் அந்த இடைவெளி கண்ணில் படவில்லை. அண்ணி சீவித்தந்த ஸ்லைடுகள் பளிங்கு மாதிரி இருக்கும். இருட்டறையில் வைத்துப் பார்த்தால் குடல்சுவர் நீலமாகவும், கிருமிகள் சிவப்புப் புள்ளிகளாகவும் ஒளிரும். சாதாரண எலியிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுங்கை எலியிலும் அதே மாதிரி. ஒரு வித்தியாசமும் கிடையாது. சாயத்தை மாற்றினாள், எலிகளின் தீனியை மாற்றினாள், வருடங்கள் போயின. சதையில் கோளாறு இருக்குமோ என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அண்ணி கை பட்டதில் கோளாறா?

கடைசியாக ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு காலையில் உட்கார்ந்தார்கள். சின்னவள் அடுத்த அறையில் எலியை அறுத்துக் குடலைக் கிண்ணத்தில் வைத்துத் தருவாள். அண்ணி வாங்கி, கெடாமல் நிறுத்திவைக்கிற ஸ்பிரிட் கலவையில் போடுவாள். எடுத்த குடல் காத்திருக்காது, சில நிமிடங்களிலேயே தன்னைத் தானே செரிக்க ஆரம்பித்துவிடும். அன்றைக்குப் பாதி வேலையில் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. குடல் கழுவ உப்புத் தண்ணீர் கரைத்து வைத்திருந்த கேனும் காலி. கையில் குடல், முன்னால் வறண்ட குழாய். அண்ணி புருஷனுக்குப் போன் போட்டாள்.

"இப்ப தண்ணி விடப்போறீங்களா இல்லையா?"

"பம்பு முழுக்கக் கழட்டித் தரையில பரப்பிக் கிடக்கும்மா. சாயங்காலம் ஆகும்."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. குடல் கெட்டுப்போனால் எலியின் உயிரும் வீண், சின்னவளின் உழைப்பும் வீண். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கழுவாமலே கலவையில் போட்டாள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு வாளி தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு மற்றதையெல்லாம் ஒழுங்காகக் கழுவினாள். அந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற விஷயமா அது?

மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றித் தட்டில் அடுக்கியபோது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. மற்றதெல்லாம் சுத்தமான வளையம் வளையமாக இருக்க, அந்த ஒன்றில் மட்டும் வளையத்துக்குள் பழுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. எலி தின்ற தீனியும் கழிவும்தான், வேறென்ன. விருந்தாளி வந்த நேரத்தில் எச்சில் பாத்திரம் கூடத்தில் கிடந்த மாதிரி அண்ணிக்கு முகம் சூடேறியது. புரொபசர் பார்த்தால் என்ன நினைப்பார்? அந்த ஸ்லைடைச் சட்டென்று உருவிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தட்டு மீண்டும் பளிச்சென்று ஆனது. அதைத்தான் சின்னவளிடம் கொடுத்தாள்.

அந்தத் தட்டிலும் ஒன்றும் தெரியவில்லை. பட்டம் கொடுக்கலாமா என்று முடிவு செய்கிற பரிசோதகர்கள் மூன்று பேர் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். வித்தியாசமே இல்லாத இடத்தில் வித்தியாசத்தைத் தேடுவதாக ஒருவர் சொன்னார். புரொபசர் ஏதோ சமாதானம் சொன்னார், எடுபடவில்லை. அன்று வீட்டுக்கு வந்த சின்னவள் அழவில்லை. அழுதிருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தூரத்து ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை இருக்கிறது, வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், போகிறேன் என்றாள். போதும் அண்ணி, எனக்கு இது வராது என்றாள். இந்தப் பெண் வாயிலிருந்து வராது என்ற வார்த்தையை அண்ணி அதற்கு முன் கேட்டதே இல்லை.

அந்த வாரமே பெட்டி கட்டும் வேலை ஆரம்பமானது. இத்தனை நாளும் மூலைக்கொன்றாகக் கிடந்த துணிகளைச் சின்னவள் தானாகவே மடித்து அடுக்கினாள். அதைப் பார்க்கத்தான் அண்ணியால் முடியவில்லை. இரண்டு செருப்பும் ஜோடியாக வாசலில் கிடந்ததைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எலிகளுக்கும் இனி லேபில் வேலையில்லை. திங்கட்கிழமை எல்லாக் கூண்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வெறுங்கை எலிகள் அதோடு தீர்ந்துவிடும். மறுபடி வளர்த்தெடுக்க யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை அண்ணி இருட்டறையைச் சுத்தம் செய்யப் போனாள். யாருக்கும் தேவையில்லாத சுத்தம். மனசு சரியில்லாதபோது அவளுக்கு வேறொன்றும் செய்யத் தெரியாது. மைக்ரோஸ்கோப்பின் லென்சைத் துடைத்து முடித்தாள். துடைத்தது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு ஸ்லைடு வேண்டும். கோட்டுப் பையில் கைவிட்டாள். அகப்பட்டது அந்த அழுக்கு ஸ்லைடுதான். லென்சைச் சோதிக்க எதுவானால் என்ன என்று அதையே வைத்தாள்.

நடுவில் சிவப்புப் புள்ளிகள். அவள் இத்தனை வருடத்தில் பார்த்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும் இல்லை, ஒரு பெரிய சந்தைக் கூட்டம். ஓரத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் நீலச் சுவர். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாமல் கறுப்பாக ஒரு பட்டை. ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். குடலைச் சுற்றிலும் அந்தப் பட்டை அறுபடாமல் ஓடியது. கோடு கிழித்து, இதற்கு இந்தப் பக்கம் வராதே என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி அத்தனை கிருமியும் தள்ளி நின்றது.

சாப்பாட்டுத் தட்டின் முன் அத்தனை வருடம் கேட்டவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.  இந்த இடைவெளி எல்லாச் சாதாரண எலியிலும் இருந்திருக்கிறது. குடலுக்குள் ஊசியால் தண்ணீரைப் பீச்சிப் பீச்சி, நடுவில் நின்ற கூட்டத்தையும், சுவர்மேல் பூசியிருந்த வழவழப்பையும், அந்தப் பட்டையையும் ஒன்றாகச் சாக்கடைக்கு அனுப்பியது அவள் கை. போகாமல் தங்கிய ஒன்றிரண்டு கிருமிகள் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டன. அதைத்தான் இத்தனை வருடமும் பளிங்கு மாதிரிச் சீவிக் கொடுத்து, சபாஷ் வாங்கியிருக்கிறாள்.

இருட்டில் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உடைந்த கண்ணாடி போடுகிற டப்பா காலடியிலேயே இருந்தது. போட்டால் முடிந்தது, ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சின்னவள் ஊருக்குப் போவாள், வாரா வாரம் போன் செய்வாள், சாப்பிட்டீங்களா அண்ணி என்பாள். சொன்னாலோ சின்னவள் இங்கேயே இருக்கலாம். ஆனால் தன் வருடங்களைத் தண்ணீரில் கரைத்துவிட்டவளை அவள் என்னவென்று கூப்பிடுவாள்? இழந்தால் இதைத்தான் இழக்க வேண்டும் என்று அண்ணிக்குத் தெளிவாகவே தெரிந்தது. பயமாக இருந்தது. வயசான காலத்தில் இப்படி ஒரு பயம் வரும் என்று அவள் நினைத்ததில்லை. ஸ்லைடை ஒரு தாளில் சுற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

சின்னவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். அண்ணி எப்போதும்போல் கை கழுவப் போகாமல் செருப்போடு உள்ளே வந்ததைப் பார்த்து எழுந்துவிட்டாள்.

"பெட்டியை விடு. லேபுக்கு வா."

"அங்க இனிமே என்ன இருக்கு?"

"வந்து பாரு. பாத்துட்டு என்னை என்ன வேணா சொல்லு."

இருட்டறையில் சின்னவள் லென்சில் கண்ணை வைத்தவள், எடுக்கவில்லை. அண்ணி அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரல் மட்டும் வந்தது.

"இது எந்த எலி?"

"சாதா எலி. தண்ணி நின்னுபோன அன்னிக்கு எடுத்தது. கழுவல."

"கழுவலைன்னா?"

"மத்ததையெல்லாம் கழுவித்தான் போட்டேன்."

"எடுத்த உடனே ஸ்பிரிட்ல போடணும்னு சொன்னேனே அண்ணி."

"உடனேதான் போட்டேன். கழுவின உடனே."

சின்னவள் திரும்பினாள். நீல வெளிச்சத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. எல்லாவற்றையுமா என்று கேட்டாள். எல்லாவற்றையும்தான் என்றாள் அண்ணி. ஒன்றுகூட விடாமலா என்று மறுபடி கேட்டாள். அண்ணி தலையை ஆட்டினாள். கழுவு என்று யாரும் சொல்லவில்லை, கழுவாதே என்றும் யாரும் சொல்லவில்லை. மூச்சு விடாதே என்று யாராவது யாரிடமாவது சொல்லி வைப்பார்களா? கழுவுவது அண்ணிக்கு அப்படி. அதை எடுத்துச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட பேசாதீங்க," என்றாள் சின்னவள்.

சொல்லிவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து புரொபசருக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை கூண்டைக் காலி செய்யக்கூடாது, ஒரு எலியைக்கூட யாரும் தொடக்கூடாது என்று அவள் போட்ட சத்தம் உள்ளே வரை கேட்டது. பெரியவர்களிடம் இப்படிப் பேசலாமா என்று அண்ணிக்குத் தோன்றியது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் அந்த வாரத்தில் முதல்முறையாக அவளுக்கு நன்றாக மூச்சு வந்தது.

பிறகு வந்த நாட்கள் வீட்டில் பம்பு மெக்கானிக்குக்குத்தான் சோதனை. இரண்டு பெண்களும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால் இவள் அவனிடம் சொல்வாள், அவன் அவளிடம் சொல்வான், உப்பு இவளுக்கே பக்கத்தில் இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டு நான் இளைத்துப்போனேன் என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். யாரும் நம்பவில்லை. பெட்டி மட்டும் கூடத்தில் பாதி மூடியபடியே நின்றது. சின்னவள் அதைப் பிரிக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. அண்ணி அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பார்க்காத மாதிரி போனாள்.

புதிதாக எடுக்க வேண்டிய நாள் வந்தது. முந்தின நாளே அண்ணி புருஷனிடம் தனியாகப் பேசினாள்.

"என் ரூமுக்கு வர்ற வால்வை மூடி வையுங்க."

"எதுக்கும்மா?"

"என் கையை நான் நம்பல."

அவன் ஒன்றும் கேலி பேசாமல் போய் மூடிவிட்டு வந்தான். மறுநாள் சின்னவள் கிண்ணத்தோடு அந்த அறைக்குள்ளேயே வந்தாள். யாருக்கும் அனுமதி இல்லாத அறை அது. அண்ணி தள்ளி நின்று இடம் விட்டாள். கழிவும் தீனியுமாக இருந்த குடலை இடுக்கியால் எடுத்தாள். கை தானாகக் குழாய்ப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அப்படியே கலவையில் இறக்கினாள். முகம் மட்டும் கசப்பு மருந்து குடித்த பிள்ளை மாதிரி சுருங்கிப்போனது. சின்னவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, அழுகையை அடக்கினாளா என்று அண்ணிக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அழுக்குக் குடலைச் சீவுவது சாதாரண வேலை இல்லை. உள்ளே இருக்கும் உமித்துணுக்கு கத்தியில் மாட்டி ஏட்டைக் கிழிக்கும். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, கத்தியை மாற்றி மாற்றி, தன் வாழ்நாளில் சீவாத பொறுமையோடு சீவினாள். இருட்டறையில் வைத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகள் அத்தனையிலும் அந்தக் கறுப்புப் பட்டை இருந்தது. வெறுங்கை எலிகளில் பட்டையைக் காணோம். சிவப்புக் கூட்டம் நீலச் சுவரோடு போய் அப்பிக்கொண்டு நின்றது. புரொபசர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார், மறுபடி துடைத்தார். பார்க்கிற எவருக்கும் விளக்கம் தேவைப்படாத படம் அது.

பரிசோதகர்கள் திரும்பவும் கூடினார்கள். ஸ்லைடுகளை எடுத்துக் கொடுக்க அண்ணியும் ஓரமாக நிற்க வேண்டியிருந்தது. படங்களைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது போனமுறை வித்தியாசமே இல்லை என்று சொன்ன அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். முன்பு காட்டிய படங்களில் இந்த இடைவெளி ஏன் இல்லை என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.  புரொபசர் நல்ல மனிதர். செய்முறையில் ஒரு சிறிய மாற்றம் என்று இழுத்து மூடப் பார்த்தார்.

"சின்ன மாற்றம் இல்ல சார்," என்றாள் சின்னவள். "முன்னாடி எடுத்த எல்லாக் குடலையும் கழுவிட்டோம். கழுவினது எங்க அண்ணி. அவங்க என்ன செய்யறாங்கன்னு ஒரு தடவைகூட எட்டிப் பாக்காதது நான். கழுவாத ஸ்லைடைத் தூக்கிப் போடாம எங்கிட்ட கொண்டு வந்து காட்டினதும் எங்க அண்ணிதான். போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இது அவ்வளவும் தீசிஸ்ல வரும்."

 அந்த அம்மா திரும்பி, சுவரோரம் நின்ற பருத்த பெண்ணைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுதிக்கொள்ளக் குனிந்தார். அண்ணிக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. துடைக்கக் கை வரவில்லை, கையில் ஸ்லைடு தட்டு இருந்தது. வெட்கமா சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. எல்லார் முன்னாலும் மானம் போனது, எல்லார் முன்னாலும் பிள்ளை திரும்பக் கிடைத்தாள். இரண்டும் ஒரே மூச்சில் நடந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

சாயங்காலம் இரண்டு பேரும் பஸ்ஸுக்காக நின்றார்கள். முதலில் வாயைத் திறந்தது அண்ணிதான்.

"காட்டினதை மட்டும் எழுதினா போதாதாடி? கழுவினதையும் எழுதணுமா?"

"எழுதணும். இல்லைன்னா அடுத்து வர்றவளும் கழுவிடுவா அண்ணி."

அண்ணி யோசித்துப் பார்த்தாள். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் அறையில், தன்னை மாதிரியே ஒருத்தி குடலும் கையுமாகக் குழாயைத் திறப்பது கண்முன்னால் தெரிந்தது. நல்ல கைக்காரியாகத்தான் இருப்பாள், பாவம்.

"அப்ப கொட்டை எழுத்துல எழுது," என்றாள்.